திமிங்கலப் பல் நழுவியதா?

1

இந்தக் கதை, வக்கீலுக்காக எழுத உட்கார்ந்த ஒரு பக்க வாக்குமூலமாகத்தான் தொடங்கியது. நேற்று என் வீட்டுப் பாயில் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னார். நான்கு முறை எழுதினேன். நான்கும் வேறு வேறாக வந்தன. வாக்குமூலம் அப்படி வரக்கூடாது. கதை வரலாம்.

2

முதல் தொடக்கம்: 'எங்கள் தீவின் தலைநகர் சூவாவில் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்த அன்று மழை...'

(வேண்டாம். இங்கே என்றைக்கு மழை இல்லை?)

இரண்டாவது: வானொலியில் செய்தி வாசிக்கும் என் தங்கை கணவன் செமேசா, ஆட்சியைப் பிடித்த பட்டாளம் நீட்டிய அறிவிப்பை வாசிக்க மாட்டேன் என்றான். முகாமுக்கு இழுத்துப்போனார்கள். மூன்று விலா எலும்பு முறிந்து திரும்பினான். உதைத்தவன் கார்ப்பரல் நெதானி. ஏழு வருடம் கழித்து நாளை வழக்கு. செமேசாவை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இதுவே இருக்கட்டும்.

3

நேற்று நெதானியின் பெரியப்பா இலைத்தியா திமிங்கலப் பல்லோடு* வந்தார். பின்னால் ஆறு பேர். கடைசியில் நெதானி.

(* எங்கள் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டு நீட்டுவது. குடும்பத்தில் மூத்தவன் வாங்கிவிட்டால் விவகாரம் முடிந்தது. அதற்குமேல் கோர்ட்டில் வாய் திறப்பவன் ஊரில் தலைகாட்ட முடியாது. செமேசாவின் பக்கத்தில் பெரியவர்கள் இல்லை; எங்கள் வீட்டில் மூத்தவன் நான்.)

நெதானி எனக்குப் பிடிபடவே இல்லை. வில்லனாக எழுதினால் அழுகிறான். அழவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வாங்கிடாதீங்க மச்சான்," என்றான் செமேசா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

இலைத்தியா தொண்டையைச் செருமினார். "பையன் தப்புப் பண்ணிட்டான் ஐயா. ஆனா காலம் ஒரே மாதிரி இருக்காது. போன தடவை ஆட்சியைக் கவுத்து ஜெயிலுக்குப் போனவன் இன்னிக்கு மந்திரி. முகாம்ல மறுபடி ஏதோ பேச்சு அடிபடுதாம்."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, மிரட்ட வந்தீங்களா?" என்றாள் என் தங்கை மகெரெத்தா.

"ரெண்டுக்கும் இதே பாய்லதானேம்மா உக்காரணும்."

கிழவர் பல்லை நீட்டினார். பல் நழுவியது. நான் உடனே

(இந்த வாக்கியம் நகர மறுக்கிறது.)

அந்தப் பல் தரையில் விழுவதை எங்கள் ஆட்கள் யாரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். பிடித்தேன். வந்தவர்கள் உள்ளங்கை குவித்து மூன்று முறை தட்டினார்கள். வாங்கியாகிவிட்டது.

4

முடிவு அ: அங்கேயே திருப்பிக் கொடுக்கிறேன். (நாக்கு எழவில்லை.)

முடிவு ஆ: செமேசா சாட்சி சொல்கிறான், ஊர் எங்களை

முடிவு இ: விடிவதற்குள் ஆட்சி கவிழ்கிறது. கோர்ட்டே இல்லை. (வெட்கமாக இருக்கிறது. மனசுக்குள் நான் வேண்டிக்கொண்டிருப்பது இதைத்தான்.)

5

இன்று தேவாலயத்திலிருந்து வந்ததும் செமேசா இதுவரை எழுதியதை வாங்கிப் படித்தான்.

"நழுவுச்சா மச்சான்?"

"நழுவுச்சு."

"நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன். அதுக்கு முன்னாடியே உங்க கை நீண்டுடுச்சு."

முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் பயந்துபோனது உண்மை.

"திட்டல மச்சான். காலைல கோர்ட்டுக்கு முன்னாடி அவங்க ஊருக்குப் போவோம். பல்லை எல்லார் முன்னாடியும் வச்சு, பயந்துபோய் வாங்கிட்டேன், செல்லாதுன்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னாத்தான் நான் வாய் திறக்க முடியும்."

மூத்தவன் பயந்தேன் என்று சொன்னால், பிறகு எந்தப் பாயிலும் அவனுக்கு இடமில்லை. அது தெரிந்துதான் செமேசா கேட்டான். விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான்.

முடிவை நீங்களே எழுதுங்கள், இடம் விட்டிருக்கிறேன். என்ன எழுதினாலும், காலையில் அவன் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே இருக்கப்போவது நான்தான்.