கதவுக்கு வெளியே

அம்மாவின் விறைத்த கையை ஸ்வெட்டருக்குள் நுழைக்க முடியாமல் மெட்டில்டா திணறிக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்குள் ஸ்வெட்டர் எதற்கு என்று மனுவேல் மாமா கேட்டுப் பார்த்தார். குன்னூர்க் குளிரில் ஸ்வெட்டர் இல்லாத அம்மாவை அவள் பார்த்ததே இல்லை. கடைசியில் சமையல்காரக் கருப்பம்மாள் வந்து முழங்கையை மெல்ல நீவிவிட்டாள். கை உள்ளே போனது.

"பாப்பா," கருப்பம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் செல்லக்கண்ணு ரூமுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டாளுங்க. எவ கூப்புட்டும் தொறக்க மாட்டேங்கறா."

தேயிலைச் சரிவில் இருந்த அந்த இல்லத்துக்குப் போலீசும் கோர்ட்டும் பெண்பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். வீட்டைவிட்டு ஓடியவள், கையைக் கீறிக்கொண்டவள், பேச்சையே நிறுத்திக்கொண்டவள் என்று எல்லாருமே பள்ளிக்கூட வயசுக்காரிகள். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தையோடு இங்கே வார்டனாக வந்த தபித்தாள், பின்கட்டு அறையிலேயே வாழ்ந்து, நேற்று விடியற்காலை தூக்கத்தில் போய்விட்டாள். அந்தக் கைக்குழந்தை மெட்டில்டா. இப்போது மேட்டுப்பாளையத்தில் டீச்சர்.

"மழை வர்றதுக்குள்ள எடுத்தாகணும். ஆயர் வந்து நிக்கறாரு," என்றார் மாமா. "அவளத் தனியா விட்டுட்டும் போக முடியாது. ஒரு கடப்பாரை குடுங்க. கதவ நெம்பித் தள்ளிடலாம்."

"வேண்டாம் மாமா." மெட்டில்டா எழுந்தாள். "பெட்டிய மூடிராதீங்க. நான் போயிப் பாக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, காலைத் தூக்கி வைக்க மனசு வரவில்லை. அம்மாவோடு இருக்கக் கிடைத்தது இந்தக் கொஞ்ச நேரம்தான். அதுவும் வேறு ஒருத்திக்கு என்று ஆகிவிட்டது.

எப்போதுமே அப்படித்தான். அவளுடைய பிறந்தநாள் ஒன்றில் எவளோ ஒரு பெண் இதே இல்லத்தின் மாடித் தாழ்வாரத்தில் கதவை அடைத்துக்கொண்டாள். கேக் மேஜைமேல் இருக்க, அம்மா ஒரு கூடைப் பட்டாணியோடு கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உரித்துக்கொண்டே, ஊட்டிச் சந்தையில் கேரட் விலை, கருப்பம்மாளின் குறட்டை என்று கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். மெட்டில்டா போய் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். "உடைச்சுத் தொறந்தா என்னம்மா?" "உடைச்சுட்டா அடுத்த தடவை அவ எங்க போயி ஒளிவா கண்ணு?" அம்மா அவளுக்கும் ஒரு கைப் பட்டாணி கொடுத்தாள். அதில் பாதியை அவள் பச்சையாகவே தின்றது இன்னும் நாக்கில் இருந்தது. சாயங்காலம் அந்தப் பெண் வெளியே வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேக் தின்றாள். பெரிய துண்டு அவளுக்குத்தான்.

இப்போது மெட்டில்டா மாடியேறிப் போய், செல்லக்கண்ணுவின் கதவுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். சில்லென்றிருந்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"செல்லக்கண்ணு, நான் தபித்தாம்மா பொண்ணு."

கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக ஒரு குரல் வந்தது. "தெரியும்."

"ஏன் உள்ளேயே இருக்கே?"

"எங்க ஊரு சேரம்பாடிக்கே அனுப்பிருவாங்கல்ல? எங்க சித்தப்பன் அங்க எஸ்டேட்டு லயத்து வீட்டுலதான் இருக்கு. தபித்தாம்மா இருந்தாங்கன்னுதான் அது இங்க வரல."

அனுப்ப மாட்டார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டாள்.

"அது எங்கையில இல்ல. ஆனா இல்லத்துக் கமிட்டி கூடறப்ப நானும் வந்து உக்காருவேன். ஒன்னக் கேக்காம ஒண்ணும் செய்யவிட மாட்டேன்."

"நாளைக்கே போயிருவீங்களாம். கருப்பம்மாக்கா சொன்னாங்க."

"லீவு போட்டுக்கறேன்."

கீழே பெண்கள் பாட்டை ஆரம்பித்து, சுருதி சேராமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்கள்.

"தபித்தாம்மா ஒங்களப் பத்திப் பேசுவாங்க," என்றாள் செல்லக்கண்ணு.

"என்னன்னு?"

"ஒண்ணுமே கேக்காத புள்ளையாம் நீங்க. நாங்கல்லாம் கண்ணாடிய ஒடைக்கறோம், கத்தறோம், அவங்க வந்து உக்காந்துக்கறாங்க. நீங்க சத்தமே போட மாட்டீங்களாம். எந்தக் கதவுகிட்ட வந்து உக்காரன்னே தெரியலயாம்."

மெட்டில்டா சுவரில் தலையைச் சாய்த்தாள். கீழே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் துணியை முகத்திலேயே வைத்திருந்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. கண்கள் வீங்கி, வெறுங்காலோடு அந்தப் பெண் நின்றாள். "நீங்க அழுவறீங்களா?" என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

"ஆமா. வா, போய்ப் பாக்கலாம்."

பெட்டி திறந்தே இருந்தது. மாமா மணி பார்ப்பதை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். செல்லக்கண்ணு குனிந்து பார்த்தாள், தொடவில்லை. பிறகு மூடினார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்கியது. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. இலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு ஓரமாக நின்று வழிவிட்டார்கள். குடும்பத்தார் பெட்டிக்குப் பின்னாலேயே போக, மெட்டில்டா எப்படியோ பிந்தி, இல்லத்துப் பெண்களின் வரிசைக்குள் வந்துவிட்டிருந்தாள்.

முன்னால் போன செல்லக்கண்ணு ஒரு வளைவில் காலைக் குறுக்கே ஊன்றி நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வழுக்கும்."

மெட்டில்டா கையை நீட்டினாள்.