பதினேழாம் நம்பரின் வாலில் மூன்று மடிப்பு

கட்டைவிரல் அளவு நாற்காலிக்குச் சீட் பெல்ட் மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. அலுமினியத் தாளை நூல் அகலத்துக்கு அறுத்து, இடுக்கியால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு துளிப் பசையில் உட்கார வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தால் தொலைந்தது. பெல்ட் எங்கே பறந்தது என்று அரை நாள் தரையைத் துழாவ வேண்டியதுதான். ரிவெட்டக்கா துழாவிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, கையில் டார்ச் லைட்டோடு, சாப்பாட்டு மேஜைக்கு அடியில்.

"என் பல்லு விழுந்தாக்கூட நீ இவ்வளவு தேட மாட்டே," என்றார் அவள் கணவர். பல் செட் செய்வது அவர் தொழில். முன்னறையில் பட்டறை வைத்திருந்தார்.

"உங்க பல்லு போனா நீங்களே ஒண்ணு செஞ்சு மாட்டிக்குவீங்க. காலை நகர்த்துங்க."

காலுக்கடியில்தான் இருந்தது பெல்ட். எடுத்து ஊதிவிட்டு, மறுபடி மேஜையில் உட்கார்ந்தாள்.

மேஜையில் இருந்தது ஒரு ராணுவ ஹெலிகாப்டர். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகள் இருநூற்றுச் சொச்சம். அது போதாதென்று அவள் தன் கையால் செய்து சேர்த்தது இன்னும் நூறாவது இருக்கும். பைலட்டுக்கு முன்னால் இருக்கும் கடிகாரங்களுக்கு ஊசி நுனியால் முள் வரைந்து, மேலே ஒவ்வொரு சொட்டு வார்னிஷ் விட்டிருந்தாள், கண்ணாடி மாதிரி மினுங்குவதற்கு. மேல் விசிறியின் இறக்கைகளைப் பெட்டிக்காரன் கரண்டிக் காம்பு மாதிரி விறைப்பாக வார்த்து அனுப்பியிருந்தான். "இவன் ஜென்மத்துல ஹெலிகாப்டரைப் பார்த்திருக்க மாட்டான்," என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் வெந்நீரில் முக்கி, நுனி தொங்கும்படி வளைத்தாள். சுற்றாமல் நிற்கிற ஹெலிகாப்டரின் இறக்கை தன் எடையிலேயே தொங்கும். அது தெரியாமல் ஒரு கம்பெனி!

அவளுக்குத் தெரியும். படைப்பிரிவின் ஹேங்கரில், அதாவது ஹெலிகாப்டர் கொட்டகையில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள். ஹெலிகாப்டரின் தகட்டைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ரிவெட் ஆணிகளை அடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்டவளைக் கடைசிப் பதினோரு வருஷம் ஸ்டோர் ரூமில் உட்கார்த்தி, கேட்டவர்களுக்குத் திருகாணி எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஏன் என்று சொல்லும்போதே வயிறு எரிகிறது.

ஒரு சாயங்காலம், பதினேழாம் நம்பர் ஹெலிகாப்டரைப் பைலட் ஒருவர் கண்மண் தெரியாத வேகத்தில் கொண்டுவந்து தொம்மென்று தரையில் போட்டார். வால் கீழே அமுங்கி நிமிர்ந்ததை, சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் காத்திருந்த அவள் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. இறங்கி வந்த பைலட், "உள்ளே இழுத்து நிறுத்துங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். டிராக்டரில் கட்டி உள்ளே கொண்டுவந்தார்கள். இழுத்ததற்குப் பொறுப்பு அவள், கையெழுத்துப் போட்டாள். வாலைப் பற்றி அன்றைக்கே மேலதிகாரியிடம் சொன்னாள். "நாளைக்குப் பார்த்துக்கலாம் போம்மா," என்றார்.

நாளைக்குப் பார்த்தார்கள். வாலில் மூன்று மடிப்பு. பைலட்டைக் கேட்டால், "நான் பூ மாதிரி இறக்கிட்டுப் போனேன்," என்றார். டிராக்டர் ஓட்டிய ஆளைக் கேட்டால், "நான் முன்னாடி பார்த்து ஓட்டினேன், பின்னாடி நடந்தது தெரியாது," என்று நழுவினார். மிஞ்சியது அவள் கையெழுத்துதான். இழுக்கும்போது ஹேங்கர் கதவில் இடித்துவிட்டாள், கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். இடித்தால் வால் நுனி குழியும், இங்கே வால் உடம்போடு சேரும் இடத்தில் சாய்வாக மடிந்திருக்கிறதே என்று விசாரணையில் அவள் தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. தகட்டைக் கழற்றிப் புதுத் தகடு போட்டார்கள். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

அந்த டிராக்டர்காரர் இப்போது அங்கே ஃபோர்மேன். அந்தப் பைலட் கமாண்டர். இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். கேட்டீர்களா வேடிக்கையை, அவருக்குப் பிரிவுப் பரிசாகத்தான் இந்த மாடல்!

விழாப் பொறுப்பை ஏற்றிருந்த இளம் பைலட்டுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அதெல்லாம் நடந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். ஒரு கண்காட்சியில் அவள் செய்த மாடல்களைப் பார்த்துவிட்டு, தேடிக்கொண்டு வந்துவிட்டான்.

"கமாண்டர் அதிகமா ஓட்டினது பதினேழாம் நம்பராம், மேடம். அச்சு அசலா அதே மாதிரி இருக்கணும். பார்த்ததும் 'அட, என் வண்டி!'ன்னு சொல்லணும்."

"சொல்லுவார்," என்றாள் ரிவெட்டக்கா.

உருண்டைத் தலை வைத்த சின்ன டிரில் முனை வேண்டும் என்று அவள் கேட்டபோதே கணவருக்குப் பொறி தட்டிவிட்டது. பல் குடைகிற முனை அது. பட்டறையிலிருந்து எடுத்து வந்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எந்த நாள் பதினேழாம் நம்பரைச் செய்யப் போறே நீ?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"ஏம்மா, அவரு இப்ப எங்கேயோ உயரத்துக்குப் போயிட்டாரு. நீயும் ரிட்டையர் ஆகி நிம்மதியா இருக்கே. எதுக்கு வீண் வம்பு? எல்லாம் பழசாயிடுச்சு."

"உங்களுக்குப் பழசு. எனக்கு இல்ல. பதினோரு வருஷம், நேத்து வந்த பசங்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு, 'அக்கா, அரை இஞ்சு திருகாணி நாலு கொடுங்க. நீங்கதானே வாலை இடிச்ச அக்கா?'ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. நானும் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாலை நான் இடிக்கலைன்னு அந்த ஹேங்கர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மாலை வேணாம், மன்னிப்பு வேணாம். தெரியணும், அவ்வளவுதான்."

அவர் முனையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கோபித்துக்கொண்டார் போல என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, இன்னொன்றை நீட்டினார்.

"அது பெரிசு. மடிப்போட ஓரம் கூர்மையா வரணும்னா இதுதான் சரி. வேகத்தைக் குறைச்சு வை, பிளாஸ்டிக் உருகிடும்."

இரண்டு நாள் ஆயிற்று அந்த மூன்று மடிப்புக்கு. குடைந்து, தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, திருப்தியில்லாமல் பட்டி பூசி அழித்து, மறுபடி குடைந்தாள். நடு மடிப்பு மட்டும் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மடிப்பை ஒட்டிய ஆணிகளைச் சுற்றிப் பென்சில் கரியைத் தூரிகையால் தொட்டு வைத்தாள். தகடு அதிர்ந்து ஆணி தளர்ந்தால் அப்படித்தான் கறுப்புப் பொடி கசியும். மெக்கானிக் கண்ணுக்கு அது ஒன்றே போதும்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் இளம் பைலட் வந்தான். பார்த்ததும் வாயைப் பிளந்தான். "படிக்கட்டுல பூட்ஸ் உரசின தேய்மானம்கூட இருக்கே மேடம்!" என்று சுற்றிச் சுற்றி வந்தவன், வால் பக்கம் வந்ததும் நின்றான்.

"இங்க ஏதோ கோணலாயிருக்கு. சரி பண்ணிடலாம்ல?"

"கோணல் இல்ல தம்பி. பதினேழாம் நம்பருக்கு ஒரு நாள் இப்படி ஆச்சு. ஹேங்கர் கதவுல இடிச்சுட்டாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. நீங்க பைலட்டாச்சே, நீங்களே பாருங்க."

அவன் குனிந்து பார்த்தான். விரலை வைத்துத் தடவினான்.

"இடிச்சா இப்படி மடியாதே," என்றான் மெதுவாக. "இது மேலேர்ந்து போட்டது." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "யார் ஓட்டினது?"

"பரிசு யாருக்கு?" என்றாள் அவள். அவன் முகம் வெளிறிவிட்டது.

"மேடம், தயவு பண்ணி எடுத்துடுங்க. என் வேலைக்கே உலை வச்சுடாதீங்க."

"எடுக்க மாட்டேன். நீங்க கடையில ஒரு கேடயம் வாங்கிக் கொடுங்க, எனக்கு வருத்தமில்ல. இது வேணும்னா, இப்படித்தான் வரும். நானே கொண்டுவந்து, என் கையால கொடுப்பேன்."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்து போகும்போது வாசலில் நின்று, மறுபடி அந்த வாலைப் பார்த்தான். விழா அன்று காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் படைப்பிரிவின் வண்டி வந்து நின்றது.

ஹேங்கரின் நடுவே மேஜை போட்டு, மைக் வைத்து, சுற்றி நாற்காலிகள். பைலட்டுகள் முன்னால், மெக்கானிக்குகள் பின்னால். அது எந்தக் காலத்திலும் மாறாது போலிருக்கிறது. ரிவெட்டக்கா பெட்டியைத் திறந்து மாடலை மேஜையில் வைத்தாள். கமாண்டர் இரண்டு கையையும் விரித்தார்.

"அட, என் வண்டி!"

கைதட்டல் கிளம்பியது. மூக்கிலிருந்து ஆரம்பித்து, கதவு, ஜன்னல் என்று பாசமாகத் தடவிக்கொண்டே போன அவர் விரல், வாலுக்கு வந்ததும் நின்றது. கைதட்டல் அடங்கிய பிறகும் அங்கேயே இருந்தது.

"இது என்ன, பிளாஸ்டிக் சூட்டுல நெளிஞ்சுடுச்சா?" என்று சிரித்தார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"இல்ல சார். இறக்கினப்ப நெளிஞ்சது."

அதுவும் மைக்கில் கேட்டது. பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். கறுப்புப் பொடி கசிந்த ஆணிகளைப் பார்த்தார்கள், சாய்ந்த மடிப்பைப் பார்த்தார்கள். கேட்க என்ன இருக்கிறது?

கமாண்டர் மைக்கை ஒதுக்கிவிட்டுக் குரலைத் தணித்தார். "எடுத்துட்டுப் போய் இதைச் சரி பண்ணிக் கொடுத்து அனுப்புங்க. உங்களுக்குக் கை வந்த வேலைதானே."

அவள் குரலைத் தணிக்கவில்லை. "பண்ணிடலாம் சார், அரை நாள் வேலை. ஆனா இந்த ஹேங்கர்ல ஜாப் கார்டு இல்லாம யாரும் ஒரு ஆணியைத் தொட மாட்டோம்னு உங்களுக்குத் தெரியும். சேதம் எப்படி வந்துச்சுன்னு ஓட்டினவர் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

யாரோ இளம் அதிகாரி ஒருவர் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டார். கமாண்டர் அந்தச் சிரிப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விட மாட்டாங்க போலிருக்கே! சரி, ஒண்ணும் பண்ண வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னாலும் கார்டு வேணும் சார். சேதத்தோட வெளியே அனுப்பறதுக்கும் அதே கார்டுதான்."

ஃபோர்மேன் கூட்டத்திலிருந்து விலகித் தன் அறைக்குப் போனார். இத்தனை வருஷமாக ரிவெட்டக்கா அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜாப் கார்டுக் கட்டோடு திரும்பி வந்தவர், ஒரு தாளைக் கிழித்து மாடலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பதினேழாம் நம்பர்னு எழுதிட்டேன் சார். மிச்சத்தை நீங்க எழுதிடுங்க."

இளம் பைலட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

கமாண்டர் சுற்றிலும் பார்த்தார். நூறு ஜோடிக் கண்கள். விளையாட்டாக முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றியிருக்க வேண்டும். பேனாவை வாங்கி, எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். "'கடுமையாக இறக்கியதால்.' போதுமாம்மா? திருப்தியா?" கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பேனாவை மூடிவிட்டு, கைகுலுக்க வலது கையை நீட்டினார். அங்கங்கே கைதட்டினார்கள்.

ரிவெட்டக்கா அந்தக் கையைக் கவனிக்கவில்லை. தாளை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தாள்.

"தேதி தப்பா இருக்கு சார்."

"ஏன், இன்னிக்குத் தேதிதானே போட்டிருக்கேன்?"

"நடந்தது இன்னிக்கு இல்லையே. பதினஞ்சு வருஷம் ஆச்சு. மார்ச் ஒன்பது, சாயங்காலம் அஞ்சு நாற்பது."

கைதட்டல் நின்றுவிட்டது. ஃபோர்மேன் தொண்டையைச் செருமினார்.

"ஆமா சார், மார்ச் ஒன்பதுதான். டிராக்டரை நான்தான் ஓட்டினேன். கதவுல எதுவும் இடிக்கல."

அவள் தாளைக் கமாண்டர் முன்னால் திருப்பி வைத்து, தேதி எழுதும் கட்டத்தில் விரலை வைத்தாள். அவர் மூடிய பேனாவை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. இன்றைய தேதியை அடித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.