மைனஸ் இல்லாத அட்டைகள்

முந்நூற்றுப் பன்னிரண்டு கர்ப்பிணிகளின் லிஸ்டில் ஒருத்திக்குக்கூட ரத்த வகைக்குப் பக்கத்தில் மைனஸ் இல்லை. சாஜிதா பேகம் மறுபடி முதல் பெயரிலிருந்து பார்த்தாள். நூற்றுக்கு நாலைந்து பேருக்காவது இருந்தாக வேண்டுமே!

பெருந்துறைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு, கர்ப்பிணிகளுக்கு அட்டை அடிக்கும் சி புரோகிராமை உக்கடத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான், தொண்ணூற்றாறில். பெயர், ரத்த வகை, ஊர் மூன்றுக்கும் நடுவே -*- போடச் சொன்னதும் அவளே. வரியைத் துண்டு துண்டாக வெட்டித் தரும் strtok என்ற கட்டளை, மூன்று குறியும் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் வெட்டும் என்று நம்பினாள். அந்தப் பாழாய்ப்போனதோ மூன்றில் எதைக் கண்டாலும் வெட்டும். O- என்பதில் இருந்த மைனஸையும் விழுங்கிவிட்டு, வெறும் O என்று அட்டையில் அடித்தது. பாசிட்டிவுக்கு பிளஸ் போடும் வழக்கம் அங்கே கிடையாது. வெறும் O என்றாலே பாசிட்டிவ்தான். சோதித்துப் பார்த்தாளா? பார்த்தாள் மகராசி, பத்தே பேரை வைத்து. பத்தும் பாசிட்டிவ்.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். கம்ப்யூட்டர் அட்டை வந்தபின் லேப்காரர் எழுதுவதோடு சரி, வேறு யாரும் பார்க்காத லேப் நோட்டை நர்ஸ் தெய்வாத்தாள் புரட்டினாள். பூவாத்தாள், ஓ நெகட்டிவ். திங்கள் சாயங்காலம் ஆறுக்குப் பிரசவம். குழந்தை பாசிட்டிவ். அப்படிப்பட்ட தாய்க்கு மூன்று நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. இன்று வியாழன், மணி பன்னிரண்டு. காலையில்தான் ஊட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பூவாத்தாளைத் திருப்பிக் கூட்டிவர ஆஸ்பத்திரி ஜீப் ஓடியது. சாஜிதா பஸ்ஸில் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே போய் இறங்கினாள். நாலரைக்கு பூவாத்தாளுக்கு ஊசி ஏறியது. சாஜிதா அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

டாக்டர் சாந்தாமணி திட்டியிருந்தால்கூட தேவலை.

"எத்தனை மாசமா ஓடுது கண்ணு இந்த புரோகிராம்?"

"பதினோரு மாசமுங்க."

வெட்டும் இடத்தை, மூன்று குறியையும் சேர்த்தே தேடும் strstr வைத்துத் திருத்தி, பழைய பைல் முழுக்க மறுபடி ஓட்டினாள். பிரிண்டர் கிறீச்சிட்டுப் பதினாலு பெயர்களைத் தள்ளியது. எல்லாவற்றிலும் மைனஸ். ஒன்பது பேர் பெற்றுப்போய் மாசக்கணக்கு ஆகிவிட்டது. அடுத்தது உண்டாவதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியாக வேண்டும், நீயும் கூட வா என்றார் டாக்டர். சாஜிதா தலையாட்டினாள்.

தெய்வாத்தாளின் விரல் நாலாவது பெயரில் நின்றது.

"சென்னியம்மாளுங்க டாக்டர். போன வாரந்தான் மறுபடியும் வந்து பதிஞ்சுபோட்டுப் போச்சுங்க. இப்ப மூணு மாசம்."