சுருக்கமில்லாத பக்கம்

எங்கள் அத்தானுக்குப் பெயின்ட் கடை. உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குச் சுவர்தான். எந்த நிறம் எடுப்பது என்று யாராவது தயங்கினால் போதும், சுவரின் நடுவில் டேப்பை ஒட்டி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று அடித்துக் காட்டுவார். "காயட்டும், அதுவே சொல்லும்" என்பார். கடையோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு காலில் ஒரு கம்பெனி செருப்பு, மறு காலில் வேறு கம்பெனி செருப்பு என்று ஒரு மழைக்காலம் முழுக்கத் திரிந்த மகானுபாவர் அவர். கேட்டால், எது முதலில் தேய்கிறது என்று பார்ப்பதாகப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்.

அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. பார்வை மங்கிப்போய் வாசலில் தடுமாறுகிறவர்களை எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைப்பாள். குரலைக் கேட்டே அவளைத் தெரிந்துகொள்கிற நோயாளிகள் உண்டு. அந்த வேலைக்குத்தான் புதிதாக வந்த மேனேஜர் உலை வைத்தார். ஆஸ்பத்திரியைப் புதுப்பித்துத் திறக்கப் போகிறார்களாம், முன்னால் உட்காருகிற முகம் ஃப்ரெஷ்ஷாக இருக்க வேண்டுமாம், எல்லாரையும் போட்டோ எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்களாம். கண் தெரியாமல் வருகிறவர்களுக்கு முகம் பளபளவென்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இதைக் கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் இல்லை.

"தேறலைன்னா பின்னாடி ஃபைல் ரூமுக்குப் போகணுமாம்டி. ஜன்னல்கூட கிடையாது. பேச ஒரு ஆளு இல்லாம அங்க உக்காந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்று அக்கா என்னிடம் அழுதாள்.

"விடு, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான்.

அழகுசாதனக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். விற்கிற பெண் சுருக்கம் போக்குகிற சாமான் மூன்றைப் பரப்பி வைத்தாள். கைப்பிடியில் பச்சைக்கல் உருளை மாட்டிய ரோலர் ஒன்று. முகத்தில் வைத்து இழுக்கிற வளைந்த தட்டைக்கல் ஒன்று. அழுத்தினால் கிர்ரென்று நடுங்குகிற மெஷின் ஒன்று. ரோலர் வீக்கத்தை வடிக்குமாம். கல் தொங்குகிற தாடையைத் தூக்கி நிறுத்துமாம். மெஷினோ பத்து வயதைக் குறைத்துவிடுமாம். அத்தான் கல்லைச் சுண்டிப் பார்த்தார். ரோலரை மேஜைமேல் உருட்டிப் பார்த்தார். எதைத் தெரிந்துகொண்டாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

"மெஷின் வேணாம், பேட்டரி போனா கதை முடிஞ்சுது. ரோலரும் கல்லும் குடும்மா. எது நல்லதுன்னு வீட்ல போய்ப் பாத்துக்கறோம்."

எப்படிப் பார்ப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா? புருவம் தீட்டுகிற பென்சிலை எடுத்து அக்காவின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மோவாய் வரை ஒரு கோடு இழுத்தார். இடது பக்கம் ரோலர், வலது பக்கம் கல். அக்கா இழுக்க இழுக்க, "கீழேர்ந்து மேல போ! திருப்பி இழுக்காத!" என்று பக்கத்தில் நின்று அதட்டல் வேறு.

"ரெண்டாவது கோட்டிங் எப்ப அத்தான்?" என்றேன்.

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றார். அக்கா சிரிக்கக்கூட இல்லை. காலையும் மாலையும் சிரத்தையாகத் தேய்த்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் நான் பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் வாசலிலேயே நின்றார்.

"வா, வந்து பாரு! கல்லு ஜெயிச்சிருச்சு!"

அக்கா டியூப்லைட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் எப்போதும் போல இருந்தது. வலது பக்கம் நெற்றியில் ஒரு வரி இல்லை. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பைக் காணோம். இஸ்திரி போட்டது போல இருந்தது.

"நேத்துக் காலையிலேர்ந்தே இப்படித்தான். மேனேஜரே பாத்துட்டு, முகம் தெளிஞ்சிருச்சேன்னு சொல்லி, அங்கயே போட்டோவும் எடுத்துட்டாராம்" என்றார் அத்தான். "சிரிச்சா சுருக்கம் விழும், சிரிக்காம நில்லுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

அக்கா டீயை எடுத்துக் குடித்தாள். வலது கடைவாயிலிருந்து டீ ஒழுகி மடியில் சொட்டியது. பழகிப்போனவள் போலத் துடைத்துக்கொண்டாள்.

"தசை இறுகியிருக்குல்ல, அதான்" என்று அத்தான் விளக்கம் கொடுத்தார்.

"அக்கா, சிரி" என்றேன். இடது பக்கம் மட்டும் மேலே போயிற்று. "கண்ணை மூடு" என்றேன். ஒரு கண் மூடியது. மற்றொன்றில் வெள்ளை விழி தெரிந்தது.

"ஐயோ அத்தான், உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இது வாதம்!" என்று கத்தினேன்.

இரண்டு நாள் அவள் உட்கார்ந்திருந்தது கண் ஆஸ்பத்திரியில். ஒரு கண் மூடாமல் நீர் வடித்துக்கொண்டிருந்ததை அங்கே ஒரு பிறவிகூடக் கவனிக்கவில்லை. எல்லாரும் சுருக்கத்தைத்தான் தேடியிருக்கிறார்கள். தூ!

பொது மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா அக்காவைக் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், பேசச் சொன்னார். மூளையை ஸ்கேன் எடுத்தும் பார்த்தார்.

"மூளையில ஒண்ணும் இல்ல. முக நரம்பு வீங்கிப்போய் அந்தப் பக்கம் வேலை செய்யல. தசை இழுத்தாத்தானே மடிப்பு விழும்? நேத்தே வந்திருக்கணும். பரவால்ல, இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா பெரும்பாலும் சரியாயிரும். தூங்கும்போது கண்ணுக்கு டேப் ஒட்டிக்கங்க."

"கல்லாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று அக்கா குழறலாகக் கேட்டாள்.

"கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

அத்தான் தொண்டையைச் செருமினார். "அப்ப டாக்டர், ரோலரே போதுமா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது மேனேஜரிடமிருந்து போன் வந்தது. பேசும்போது உதட்டைத் தாங்க ஒரு கை வேண்டியிருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாழ்த்துகள்மா. போட்டோவெல்லாம் பாத்துட்டோம். முன் சீட்டு உங்களுக்குத்தான். அந்த வலது பக்க ஆங்கிள்ல முகம் எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா!"

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன பயன்?

அக்கா வலது உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "சார், அந்தப் பக்கம் வாதம் வந்து அசையாமக் கிடக்குது. ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் பேசுறேன். ஆனா சீட்டு எனக்குன்னு நீங்க சொல்லிட்டீங்க, என் வீட்டுக்காரரும் தங்கச்சியும் கேட்டுட்டு நிக்கிறாங்க. குணமானதும் வந்து உக்கார்றேன்."

இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று மேனேஜர் கேட்பாரென்று நினைத்தேன்.

"அது சரிம்மா," என்று இழுத்தார் மேனேஜர். "குணமாயிட்டா, அந்தச் சுருக்கமெல்லாம் திரும்ப வந்துருமா?"

"வரணும்னுதான் சார் மருந்தே வாங்குறேன்" என்றாள் அக்கா.