அண்ணி பேரில் தைத்த சட்டைகள்

பாஸ்டர் ஞானதிரவியம் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கிற வழியாகத் தெரியவில்லை. மனுஷன் ஏதோ வில்லங்கத்தோடுதான் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னால்தான் அவருடைய சபை. தெற்கேயிருந்து வந்து எங்களிடம் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருப்பார்கள். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி, உகாண்டா முகாமில் கிடக்கிற குழந்தைகளுக்குத் துணி சேர்ப்பதாகப் போன மாதம் வந்து சொன்னார். என் அண்ணன் கந்தவேல் யோசிக்கவே இல்லை, ஒத்துக்கொண்டார். சென்னம்மாள் அண்ணி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் பேரில் ஏதாவது நல்லது செய்யத் தவித்துக்கொண்டிருந்த மனுஷன்.

எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட பீஸை யாருக்காவது கொடுத்தால் அண்ணி சண்டைக்கு வருவாள். "நம்ம புள்ளைக்குப் போடாதத அடுத்தவங்க புள்ளைக்கு ஏனுங்க குடுக்கறீங்க?" என்பாள். அதனால் அண்ணன் கழிசலைத் தொடவில்லை. புதுத்துணி அறுத்து, நல்ல டெய்லர்களை உட்கார வைத்து, வெளிநாட்டுக்காரன் கேட்டுக் கேட்டு வாங்குகிற டிசைனிலேயே தைத்தார். செக்கிங் நான்தான். ஒரு பிசிறு தெரிந்தாலும் என் தலைமேல் வந்து நின்று உயிரை வாங்கினார்.

அந்த டிசைன் மிலிட்டரி பிரிண்ட். பச்சையும் காக்கியும் திட்டுத்திட்டாக.

"அக்கா, நீங்கதான் முதலாளிகிட்ட பக்குவமா சொல்லணும்" என்றார் பாஸ்டர் ஒருவழியாக. "அந்த முகாம்ல வேல பாக்குற நம்ம சபை நர்ஸம்மா சட்டை போட்டோவப் பாத்துட்டுப் போன்ல சொன்னாவ. இந்த மாதிரி உடுப்புப் போட்டவனுவதான் ஊரக் கொளுத்துனானுவளாம். இதக் கண்டாலே புள்ளையெல்லாம் ஓடி ஒளியுதாம்."

"நல்லா என் தலைல கட்டுங்க" என்றேன்.

அதற்குள் அண்ணனே உள்ளே வந்துவிட்டார். பக்குவம் எனக்கு எங்கே வரும்? நேராகச் சொல்லிவிட்டேன்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. "அவ பேருல குடுத்தது வாசல் தாண்டாமயே திரும்பி வருதா அம்மிணி? எத்தன நாட்டுக்கு இத அனுப்பிச்சிருக்கறேன், ஒருத்தனாச்சும் குத்தம் சொன்னானா?"

பாவமாகத்தான் இருந்தது. கோபமும் வந்தது.

"ஏனுங்ண்ணா, நம்ம ஊட்டுக்குத் தீ வெச்சவன் போட்டிருந்த துணிய நம்ம புள்ளக் கண்ணுகளுக்குப் போட்டு உடுவீங்களா?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பாஸ்டரைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணுகளுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"இல்ல முதலாளி. துணின்னு சொன்னாவ. அதுக்கு மேல யாரும் கேக்கல."

"நானும் கேக்கலீங்க. இப்பக் கேளுங்க."

லைன் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். நர்ஸம்மா யாரையோ கூப்பிட்டு அவர்கள் பாஷையில் கேட்பதும், சின்னக் குரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்துவதும் கேட்டது. கேட்கவே சந்தோஷமாக இருந்தது, நம் தெருப் பிள்ளைகள் மாதிரி.

"அந்தப் பட்டாளக் கலரு இல்லாம எதுன்னாலும் சரிங்காவ" என்றாள் நர்ஸம்மா. "பை வச்ச சட்டதான் வேணுமாம். பட்டன் போட்டு மூடுற பை."

"பையா? எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

"ஓடும்போது ரெண்டு கையாலயும் தம்பி தங்கச்சியப் பிடிச்சிக்கிடணும்லா. சாமானைப் பையிலதான போடணும்?"

போனை வைத்ததும் அண்ணன் கட்டிங் மாஸ்டர் முனீஸைக் கூப்பிட்டார்.

"வேற துணி அறுக்கோணும். மஞ்சள், செவப்பு, எது நல்லாருக்குதோ அது. ரெண்டு பக்கமும் பை, பட்டனோட. ரெட்டைத் தையல் போடச் சொல்லு. ஓடறப்போ தையல் விட்டுப்போவக் கூடாது."

சொல்லிவிட்டுப் பாஸ்டரிடம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அதுக இனி ஓடாம இருக்கோணும்னு உங்க சாமிகிட்டச் சொல்லுங்க. எங்க முருகங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."