இரண்டு பிள்ளைகளின் தகப்பன்

புளூமா வாயைத் திறக்கவில்லை. யூதர்களின் துக்க வீட்டில் துக்கக்காரர் முதலில் பேசாமல் வந்தவர்கள் பேசக்கூடாது. அது தெரிந்துதான் அவள் திறக்கவில்லை. வின்னிபெக் யூதர்களில் பாதிப் பேர் அவள் வீட்டுக் கூடத்தில் அடைந்துகொண்டு, துக்கச் சாப்பாட்டுக்கு வைத்த அவித்த முட்டையைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நன்றாக நெளியட்டும் என்று தாழ்ந்த முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கல்லறைத் தோட்டத்தில் மதகுரு ராபி பேசியதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் வெல்வெல் சாதுவாம், அதிர்ந்து பேசாதவராம். யார், வெல்வெலா? பக்கத்து வீட்டு வாசல் பனியை வாரிப் போட்டுக்கொண்டே, உனக்கு வாரத் துப்பில்லையா என்று அந்த வீட்டுக்காரனைத் திட்டிய மனுஷன். பேரப்பிள்ளைகளை ஹாக்கி பார்க்கக் கூட்டிப்போய், நடுவரை ஏசி ஏசித் தொண்டை கட்டித் திரும்பியவர். அந்தத் தொண்டைக்காகத்தான் அவள் அவரைக் கட்டிக்கொண்டதே. சரி, சாது என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். "இரண்டு பிள்ளைகளின் அன்புத் தகப்பன்" என்றாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு என்று ராபியிடம் சொன்னது மகன் ஷெல்டன். ஐம்பது வருஷத்துப் பழைய சங்கதியை ஊர் முன்னால் எதற்குக் கிளறுவது என்று நினைத்தானாம்.

"ஒரு வார்த்தையாவது பேசும்மா. பாவம், எல்லாரும் எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பாங்க?" என்று இப்போது காதருகே கெஞ்சினான்.

"பேசுறேன். உங்கப்பாவுக்குப் பிள்ளைங்க மூணு. மூத்தவ பேரு ஹிந்தா," என்றாள் எல்லார் காதிலும் விழும்படி.

பிறந்த பன்னிரண்டாம் நாள் போய்விட்ட குழந்தை. முப்பது நாள் நிறையாத பிள்ளைக்குத் துக்கம் கிடையாது, யாரும் ஏழு நாள் துக்கம் காத்து உட்காரவும் வேண்டாம் என்று, அப்போது ஜெபாலயத் தலைவராக இருந்த பேர்ல்மன் வாசலில் நின்றபடியே சட்டம் சொல்லிவிட்டுப் போனார். போய்யா நீயும் உன் சட்டமும் என்று தெருவே கேட்கக் கத்தினார் வெல்வெல். துக்கக்காரர் வழக்கப்படியே சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். யாராவது வருவார்கள் என்று ஏழு நாளும் கதவைத் தாழ் போடவில்லை. ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அத்தனையையும் நரைத்த தலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லி முடித்தாள்.

"அன்னிக்கு எங்கே போயிருந்தீங்க எல்லாரும்?"

பேர்ல்மனுக்கு இப்போது தொண்ணூறு வயது. கைத்தடியை ஊன்றி எழுந்து, விடைபெறும்போது துக்கக்காரருக்குச் சொல்லும் ஆறுதலை முணுமுணுக்கத் தொடங்கினார்.

"நிறுத்துங்க," என்றாள். "முதல்ல என் பொண்ணுக்காகச் சொல்லுங்க. அப்புறம் அவருக்கு."

அப்படி வழக்கமில்லையே என்று கிழவர் இழுத்தார். ஷெல்டன் தன் முக்காலியை விட்டு இறங்கி, அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

"சொல்லுங்க, மிஸ்டர் பேர்ல்மன். எங்க அக்காவுக்கு."

அந்த வீட்டில் அக்கா என்ற வார்த்தையை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. பேர்ல்மன் ஹிந்தாவின் பெயரைச் சொல்லி, ஆறுதலையும் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். புளூமாவுக்குக் கோபம் துளியும் இறங்கவில்லை. ஒரு கையால் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு, பேர்ல்மனுக்குப் பின்னால் நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ம், அடுத்து நீங்க," என்றாள்.