புஷ்பவள்ளியின் கையில் நல்லமுத்துவின் சீனி

கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை இருபத்திரண்டு தடவை ஏறிய நல்லமுத்துவுக்கு ஊசி என்றால் பயம். கேட்டால், "அது முருகன் ஊசி. இது கம்பெனி ஊசிலா" என்பார். இதற்கு மேல் அவரிடம் யார் வாதாட முடியும்?

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தகர டின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். அறுபது முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று கம்பெனி சொன்னது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. அவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி. கம்பெனி புதிதாக ஆரம்பித்திருக்கும் ஆரோக்கியத் திட்டத்தில் சேர்ந்து, சாதாரண உடம்பில் ஐந்தாறு இருக்கும் ரத்தச் சீனியை மூன்று மாதத்தில் பத்துக்குக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். தவறினால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, சுங்கை பினாங் ஃப்ளாட்டின் பதினோராவது மாடியில் உட்கார்ந்து லிஃப்ட் வரும் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த மஞ்சள் வண்டியை விட்டு இறங்கினால் தான் ஒரு ஆளே இல்லை என்று நல்லமுத்து உண்மையாகவே நம்பினார்.

ஆள்வள அதிகாரி காமினி ஒரு பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கைக்கடிகாரம், மேல்கையில் ஒட்டிக்கொள்ள ஐம்பது காசு அகலத்தில் சில வில்லைகள். ஒவ்வொரு வில்லைக்கும் அடியில் மயிரிழை மாதிரி ஓர் ஊசி. கைபேசியை வில்லைமேல் தொட்டால் சீனி எவ்வளவு என்று ஆப் சொல்லிவிடும்.

"அங்கிள், இது கடையில வாங்குற மாதிரி பொதுவா செஞ்சது இல்ல. உங்களுக்குன்னே செட் பண்ணது. உங்க ஐசி நம்பர், வயசு, மருந்து எல்லாம் உள்ள ஏத்தியாச்சி. வேற யாருக்கும் இது வேலைக்கு ஆகாது, சரியா?"

இரவல் கொடுத்துவிடக் கூடாதே என்பதற்காக அவள் சொன்னது அது. நல்லமுத்து தலையை ஆட்டினார். பெரிய அளவில் ஆட்டினார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்து ஊசியைப் பார்த்ததுமே அவருக்கு உள்ளங்கால் வேர்த்தது. மனைவி புஷ்பவள்ளி விசிறினாள், தண்ணீர் கொடுத்தாள், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் அவர் சமையலறைக்கு ஓடிப்போன பிறகு, அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போன தைப்பூசத்துக்குக் காய்ச்சல்ல படுத்துக் கெடந்தீங்களே, உங்க பேர்ல நான்தானே பால்குடம் எடுத்தேன்? முருகன் ஏத்துக்கிட்டாரா இல்லையா?"

"ஏத்துக்கிட்டாரு."

"சாமியே ஏத்துக்கிட்டாரு. இந்த வில்லை என்ன, சாமிய விடப் பெரிசா?"

நல்லமுத்து யோசித்தார். வில்லைக்குள் இருப்பது தன் அடையாள அட்டையின் ஐசி நம்பர். வேறு யாருக்கும் அது வேலை செய்யாது என்று அதிகாரியே சொல்லிவிட்டாள். அப்படியானால் எங்கே ஒட்டினாலும் அது தன் சீனியைத்தானே காட்டியாக வேண்டும்? படித்தவர்கள் சிரிக்கலாம். காரை யார் ஓட்டினாலும் சம்மன் யார் பேருக்கு வருகிறது? வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தானே? அந்த நியாயம் காருக்குச் செல்லும், கைக்குச் செல்லாதா?

புஷ்பவள்ளி தன் இடது கையில் வில்லையை வைத்து அழுத்தினாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. ஒற்றை மகளைப் பெற்றெடுத்த பிறகு கிளினிக் வாசலை மிதிக்காத பொம்பளை அவள். தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை.

கைபேசியைத் தொட்டார்கள். 13.4 என்று காட்டியது. போன மாதம் கிளினிக்கில் நல்லமுத்துவுக்கு வந்ததும் அச்சு அசலாக அதே 13.4. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லமுத்து கைபேசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளே பத்தியம் ஆரம்பமானது. தே தாரிக், அந்த இனிப்புப் பால் டீ, போயிற்று. ரொட்டி சானாய் பரோட்டா போயிற்று. தொழிற்சாலைக்கு எதிரே இருக்கிற நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர், வாடிக்கையாளர் செத்துப்போய்விட்டாரோ என்று காவலாளியிடம் விசாரித்தார். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, மாலையில் வந்ததும் ஒரு தடவை, மனைவியின் கையில் கைபேசியை வைத்துத் தன் சீனியைப் பார்த்தார். அது பதினைந்துக்கு ஏறியிருந்தது.

இன்னும் குறைத்தார், வேலை முடிந்து மணிக்கணக்கில் நடந்தார். தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினார். தீபாவளிக்கு வந்த அதிரசத்தையும் நெய்யுருண்டையையும் கண்ணாலும் பார்க்க மறுத்தார். புருஷன் ஒதுக்கிய சோற்றைக் குப்பையில் கொட்ட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அன்னலட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாளா? புஷ்பவள்ளி தன் சோற்றைத் தின்று, அவர் சோற்றைத் தின்று, மேலே இரண்டு அதிரசத்தையும் தின்று பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். அவர் எவ்வளவுக்கெவ்வளவு பட்டினி கிடந்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு சீனி ஏறிற்று. பதினேழு வந்தது.

ஆப்பில் ஒரு பெண்குரல் உண்டு. வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரி சுத்தத் தமிழ் பேசும். ஒரு நாள் மாலை அது சொன்னது:

"வணக்கம், நல்லமுத்து. இன்று நீங்கள் பதினான்காயிரம் அடிகள் நடந்துள்ளீர்கள். நீங்கள் நடக்க நடக்க நலிவடைகிறீர்கள். அருள்கூர்ந்து நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்."

கடிகாரம் அவர் மணிக்கட்டில், வில்லை அவள் கையில். பாவம், அந்தக் குரல் என்ன செய்யும்? இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்த்து, அவர் உடம்புக்கு எழுபத்து நான்கு வயது என்று கணக்குப் போட்டது. அடுத்த மாதம் தொண்ணூற்றொன்று என்றது. உட்கார்ந்தபடி கைகால் ஆட்டும் முதியோர் பயிற்சிகளை அனுப்பி வைத்தது. பதினோரு கிலோ இளைத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டு, வாலிபன் மாதிரி வண்டியில் தாவி ஏறுகிற மனிதர், தொண்ணூற்றொரு வயசுக்காரராக நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சீனி கொஞ்சம் இறங்கியது. அன்றைக்குப் புஷ்பவள்ளிக்கு விரதம், பச்சைத் தண்ணீர்தான். ஆனால் அவர்கள் கண்டுபிடித்த காரணம் வேறு. வெள்ளிக்கிழமைதோறும் நல்லமுத்து ஃபோர்க்லிஃப்டுக்கு எலுமிச்சம்பழம் குத்துவார். ஆகவே தினமும் குத்த ஆரம்பித்தார். தொழிற்சாலை முழுக்க ஊறுகாய் வாசனை அடிக்கிறது என்று மேற்பார்வையாளர் புகார் எழுதினார். சீனி பத்தொன்பதில் நின்றது.

புஷ்பவள்ளிதான் சோர்ந்துபோனாள். அரிசி களையும்போதே சுவரில் சாய்ந்தாள். குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள்.

"உங்க தாகத்தையும் சேத்து நான்தான் குடிக்கிறேன் போல" என்று சிரித்தாள். "வியாதி இந்தப் பக்கம் எறங்கிட்டு வருது. நல்லதுதானே, நீங்க தப்பிச்சிருவீங்க."

நல்லமுத்துவும் சிரித்தார். அதோடு விட்டுவிட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. கடைசிப் பரிசோதனைக்குக் கருவிகளை எல்லாம் எடுத்துவரச் சொல்லி கம்பெனி கிளினிக்கிலிருந்து செய்தி வந்தது. எனவே நல்லமுத்து கடிகாரம், கைபேசி, மனைவி மூன்றையும் கூட்டிக்கொண்டு போனார். மனைவியை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

தாதி நூருல் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் விரலில் குத்தி, ரத்தத்தைக் கருவியில் வைத்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அங்கிள், ஆப்புல பத்தொம்போது. ரத்தத்துல அஞ்சு புள்ளி ஆறு. எங்க, வில்லைய காட்டுங்க?"

நல்லமுத்து கதவைத் திறந்து, "புஷ்பா, வா" என்றார்.

புஷ்பவள்ளி வந்து சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இவங்க யாரு?" என்றாள் நூருல்.

"என் சம்சாரம். ஆனா ஐசி என்னோடதுதான்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு நூருல் புஷ்பவள்ளியின் விரலையும் குத்திப் பார்த்தாள். இருபத்தொன்று. பிறகு இரண்டு பேரையும் உட்கார வைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னாள். வில்லைக்கு ஐசி தெரியாது, பேர் தெரியாது. எந்த உடம்பில் ஒட்டினாலும் அந்த உடம்பைத்தான் அது பார்க்கும். மூன்று மாதமாக அது காட்டியது எல்லாம் புஷ்பவள்ளியின் சீனி. முதல் நாள் 13.4 உட்பட.

"அக்காவுக்கு இது வருசக்கணக்கா இருந்திருக்கும். யாரும் பாக்கல, அவ்வளவுதான்." நூருல் குரலைத் தணித்தாள். "அங்கிள், நான் எதையாவது எழுதித்தான் ஆகணும். வில்லை கோளாறுன்னு நீங்க சொன்னா, இன்னிக்கி ரிசல்ட்டே போதும், உங்களுக்கு வேலை உண்டு. ஆனா மூணு மாசக் கணக்கும் அழிஞ்சிரும். உண்மைய எழுதினா, கணக்கு அப்படியே டாக்டர்கிட்டப் போவும், அக்காவ இன்னிக்கே பாப்பாங்க. நீங்க திட்டத்த ஏமாத்தினதா ஆயிரும், வேலை போயிரும்."

"கோளாறுன்னே எழுதும்மா" என்றாள் புஷ்பவள்ளி உடனே. "எனக்கு என்ன, நல்லாத்தானே இருக்கேன். வேணும்னா அப்புறமாப் பாத்துக்கலாம்."

மனைவி சொன்னதை மறுத்து நல்லமுத்து அந்த நொடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மஞ்சள் வண்டி கண்முன் வந்து நின்றது. அப்புறமாப் பார்த்துக்கலாம் என்பது அவர் காதுக்கும் இதமாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான்.

நூருல் பெருமூச்சு விட்டு, "அக்கா, காலையாவது பாத்துர்றேன். செருப்பக் கழட்டுங்க" என்று தரையில் குந்தினாள். வலது பாதத்தைத் தூக்கித் திருப்பினாள். குதிகாலில், அறிவிப்புப் பலகையில் குத்துகிற குட்டை ஆணி ஒன்று தலைவரைக்கும் இறங்கியிருந்தது. நாள் கணக்காக மிதிபட்டு அதன் தலை தேய்ந்து பளபளத்தது. சுற்றிலும் சதை கறுத்திருந்தது.

நூருல் இடுக்கியால் பிடித்து இழுத்தாள். ஆணி வந்தது, பின்னாலேயே ரத்தமும் சீழும் வந்தன. புஷ்பவள்ளி குனிந்துகூடப் பார்க்கவில்லை. கீழே ஏதோ நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் போன போக்கைக் கண்டு பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, என்னாச்சி? உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

"ஆமா புஷ்பா, வலிக்குது" என்றார் நல்லமுத்து. பிறகு நூருலைப் பார்த்து, "எழுதும்மா. எல்லாம் இவளோடதுதான்னு எழுது" என்றார்.